தலைக்கு மேல் சின்னப் பிறை

யானாம்,
2 ஆகஸ்ட் 2025

பிருந்தா அப்பாவுக்கு,

நமஸ்காரம். இங்கே நான் சௌக்கியம். நீங்களும் மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழி? போனில் கேட்டால்தான் சண்டை வந்துவிடுகிறதே.

நம் பெண் சொன்ன யோசனை நல்லதாகத்தான் இருக்கிறது. போன வாரம் குக்கர் கேஸ்கெட்டுக்காக நீங்கள் அங்கேயிருந்தும் நான் இங்கேயிருந்தும் போட்ட சத்தத்தில், பக்கத்து வீட்டு சத்யவதி தட்டில் இனிப்பு வைத்துக்கொண்டு ஆறுதல் சொல்ல வந்துவிட்டாள். அவளுக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. "தசரா வரைக்கும் போன் கிடையாது. ரெண்டு பேரும் லெட்டர் எழுதிக்குங்க. காலையில சேர்ந்து சைக்கிள் ஓட்டுங்க, வாயத் தொறக்காம ஓட்டுங்க" என்று பிருந்தா பெங்களூரிலிருந்து தீர்ப்புச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வாட்ஸ்அப்பையும் சேர்த்துத் தடை போட்டாளே, அங்கேதான் அவள் கெட்டிக்காரி. நீலக் கோடு வந்த பிறகும் பதில் வரவில்லை என்று அதற்கு ஒரு சண்டை போட்டவர்கள்தானே நாம்.

உங்கள் இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு, ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் ரோட்டில் ஓட்டி விழுந்தால் ஆபத்து என்று டாக்டர் சொன்னதும், அவள் நம் இரண்டு பேர் சைக்கிளையும் ஸ்டாண்டில் பூட்டி டிவியில் இணைத்துக் கொடுத்தபோது நான் கேலி செய்தேன். இப்போது காலை ஐந்தரை எப்போது வரும் என்றிருக்கிறது. லாஸ்பேட்டையில் நீங்கள் மிதிக்கிறீர்கள், யானாமில் நான் மிதிக்கிறேன், டிவியில் ஏதோ ஒரு தீவில் நம் பொம்மைகள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன. கடலோரம் போய், பாலம் ஏறி, மலை அடிவாரம் வரைக்கும். உங்கள் நீலச் சட்டை, என் கிளிப்பச்சைச் சட்டை. சேர்த்த நாணயத்துக்கு நேற்று கைவளையல் வாங்கினேன். நிஜத்தில் நீங்கள் வாங்கித் தராததெல்லாம் அங்கே கிடைக்கிறது.

அங்கே ஓட்டுகிற ஊர் உலகத்து ஆட்களையெல்லாம் முந்துகிறவர் தலையில் ஏறும் கிரீடம் இன்று காலை எனக்குத்தான், பார்த்தீர்களா? முதலில் என்னைத் துரத்திக்கொண்டு வந்தவர், பாலம் தாண்டியதும் மிதிப்பதையே நிறுத்திவிட்டீர்கள். எனக்கு விட்டுக்கொடுத்தீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். இல்லையென்றாலும் சொல்லாதீர்கள், நான் சந்தோஷமாக இருக்கிறேன்.

முக்கியமான ஒன்று. பதவி உயர்வு கொடுத்து என்னை இங்கே அனுப்பிய ஒரு வருஷம் அடுத்த மாதத்தோடு முடிகிறது. புதுச்சேரிக்கே திரும்புகிறேனா, ஓய்வு பெறும் வரைக்கும் இங்கேயே இருக்கிறேனா என்று எழுதித் தரச் சொல்லிவிட்டார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கலைவாணி


லாஸ்பேட்டை,
9 ஆகஸ்ட் 2025

கலைவாணிக்கு ஆசிகள்.

உன் கடிதம் கிடைத்து விவரம் அறிந்தேன். மாத்திரைகள் போடுகிறேன். மதியக் குழம்பு மாடி வீட்டு கோபிநாத் வீட்டிலிருந்து வந்துவிடுகிறது. மோட்டாரில் மறுபடி காற்று அடைத்துக்கொள்கிறது. மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றுமில்லை.

சைக்கிள் விஷயத்தில் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. மின்துறையில் முப்பது வருஷம் மீட்டர் பார்த்தவன் நான். பயிற்சி என்றால் எத்தனை வாட், நாடி எவ்வளவு, எத்தனை நிமிஷம், அவ்வளவுதான். நடுவில் கிரீடம் எதற்கு? கடலோரத்தில் ஒரு டைனோசார் நின்றுகொண்டு தலையாட்டுகிறதே, அது யாருக்காக? இதெல்லாம் கூடப் பரவாயில்லை. அந்த மின்னல் இருக்கிறதே, அது விழுந்ததும் எல்லோரும் வேகமாக மிதிக்க வேண்டுமாம். டாக்டர் மெதுவாக மிதி என்கிறார், டிவி வேகமாக மிதி என்கிறது. உடம்புக்காக ஏறியவன் உடம்பை மறந்துவிட்டு ஒரு தகரக் கிரீடத்தின் பின்னால் ஓடுகிறான். இந்த மாதிரி ஆப்களில் விளையாட்டே இருக்கக் கூடாது என்பது என் கட்சி.

முத்தியால்பேட்டை க்சாவியேவும் அதே கட்சிதான். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து சொல்தா பென்ஷன் வாங்குகிறாரே, ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டத்துக்குத் தலைவர், அவர்தான். போன ஞாயிறு என்னைப் பார்க்க வந்தவர் டிவியைப் பார்த்துவிட்டு, "முசியே ஜானகிராமன், இது என்ன ஸ்போரா, சிர்க்கா? எக்சர்சைஸ்னா எக்சர்சைஸ், சர்க்கஸ் பாக்கணும்னா டிக்கெட் வாங்கிட்டுப் போலாமே" என்றார். அவரே உட்கார்ந்து விளையாட்டு சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் நிறுத்தி, "பயிற்சி மட்டும்" என்று வைத்துக் கொடுத்தார். இப்போது ரோடு, பாலம், மலை, கீழே நாடித்துடிப்பு. மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது.

ஆனால் இந்த வாரம் முழுக்க உன்னைக் காணவில்லையே? அங்கே கரண்ட் கட்டா? கோதாவரியில் வெள்ளம் என்று பேப்பரில் பார்த்தேன்.

ஆபீஸ் விஷயம் உன் விருப்பம்.

ஜானகிராமன்


யானாம்,
17 ஆகஸ்ட் 2025

பிருந்தா அப்பாவுக்கு,

உன் விருப்பம். இரண்டே சொல். இந்த இரண்டு சொல்லுக்கு ஒரு கவர், ஒரு ஸ்டாம்பு. கல்யாணமான புதிதில் என்ன சமைக்கட்டும் என்று கேட்டால் இதையேதான் சொன்னீர்கள். சமைத்து வைத்தால் இதையா செய்தாய் என்று ஒரு பார்வை. என் மிச்ச வாழ்க்கை எந்த ஊரில் என்று கேட்டேன், வெண்டைக்காயா கத்தரிக்காயா என்று கேட்கவில்லை.

அது கிடக்கட்டும். என்னைக் காணவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, என்ன அர்த்தம்? தினமும் என் பக்கத்திலேயே ஓட்டிவிட்டு இப்படி எழுத எப்படி மனசு வந்தது? வெள்ளம் வந்தது நிஜம், கரண்டும் போனது, ஆனால் விடியற்காலையில் இல்லை. ஒரு நாள் விடாமல் ஏறினேன். நீங்களும் ஒரு நாள் விடாமல் வந்தீர்கள். அதே நீலச் சட்டை. விளையாட்டு வேண்டாம் என்கிற பெரிய மனிதர் தலைக்கு மேல் இப்போது சின்னப் பிறை ஒன்று மின்னுகிறது. எனக்குக் கிரீடம் போல உங்களுக்கு அது என்ன பரிசு? கட்சி ஒன்று, காட்சி ஒன்று.

உங்கள் கட்சிக்குப் பதில் சொல்கிறேன், கேளுங்கள். நகராத சைக்கிளில் ஏறி உட்கார்ந்து வேர்த்து வழிகிறோமே, அதுவே விளையாட்டுதானே? அதில் கிரீடம் மட்டும் பாவமா? இந்த ஊரில் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தால் என்னோடு தமிழில் பேச சுவர்தான் இருக்கிறது. சர்க்கரைக்கு நட என்று டாக்டர் சொல்லிச் சொல்லி நான் நடந்தேனா? வளையலுக்கு ஆசைப்பட்டு மிதித்தேன், சர்க்கரை இறங்கிவிட்டது. உடம்புக்குத் தெரியுமா நான் எதற்காக மிதித்தேன் என்று?

போன வியாழக்கிழமை ஒரு காரியம் செய்தேன். பாலத்தில் வேண்டுமென்றே நின்றேன். நீங்கள் நிற்பீர்களா என்று பார்க்கத்தான். கையசைத்தேன், அதற்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது, பூவும் போட்டேன். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டீர்கள். அந்தப் பக்கம் இறங்கியதும் மிதிக்காமல் ஒய்யாரமாக உருட்டிக்கொண்டு போனீர்கள். முதல் நாள் எனக்கு விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று நினைத்தேன். இப்போது தினமும் அதே இடத்தில் அதே ஒய்யாரம்.

பெரிய மார்க்கெட்டில் என்னைத் தொலைத்தது ஞாபகமிருக்கிறதா? எப்போதும் போல நீங்கள் பத்தடி முன்னால், நான் பையோடு பின்னால். என் செருப்பு வார் அறுந்து நான் குனிந்து நிமிர்வதற்குள் பஸ் ஏறி வீட்டுக்கே போய்விட்டீர்கள். வீட்டில் சட்டையைக் கழற்றி மாட்டிய பிறகுதான் ஒரு ஆள் குறைகிறது என்று தெரிந்தது. ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அன்றைக்கு மீன்காரிகள் நடுவில் ஒற்றைச் செருப்போடு நின்றபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கலைவாணி


லாஸ்பேட்டை,
25 ஆகஸ்ட் 2025

கலைவாணிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எனக்குப் புரியவில்லை.

நீ வரவில்லை. நான் ஐந்தரைக்கு ஏறுகிறேன். ரோடு காலியாக இருக்கிறது. கடலோரம் காலி, பாலம் காலி. என் சைக்கிளின் கைப்பிடியைத் தவிர டிவியில் ஒன்றுமில்லை. கையசைத்தேன், பூப் போட்டேன் என்கிறாய். ஒரு இதழ்கூட என் பக்கம் வரவில்லை. பிறை கிறை என்று என்னிடம் எதுவும் கிடையாது. பயிற்சி மட்டும் என்று வைத்த பிறகு எனக்கு எதற்குப் பரிசு கொடுக்கப் போகிறார்கள்? வியாழக்கிழமை பாலம் தாண்டி ஒய்யாரமாக உருட்டினேன் என்கிறாயே, அன்றைக்கு நான் நின்றதும் இல்லை, உருட்டியதும் இல்லை. சீராக மிதித்து முடித்தேன், கணக்கு இருக்கிறது.

உனக்கு ஓட்டச் சலிப்பாக இருந்தால் சலிப்பு என்று எழுதிவிடலாம். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். வராமலே இருந்துவிட்டு வந்தேன் வந்தேன் என்று எழுதுவதும், அதிலேயே என் மேல் குற்றம் கண்டுபிடிப்பதும் எதற்கு என்று தெரியவில்லை. பிருந்தாவிடம் கேட்கலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். அம்மா பொய் சொல்கிறாளா என்று பெண்ணிடம் எப்படிக் கேட்பது? வைத்துவிட்டேன்.

யானாமிலேயே இருப்பது என்று நீ முடிவு செய்துவிட்டாய் என்று நினைக்கிறேன். அதைச் சொல்ல முடியாமல்தான் காலையில் வருவதை நிறுத்தியிருக்கிறாய். செய்துவிட்டாய் என்றால் சரி.

நாளை மறுநாள் சதுர்த்தி. கோபிநாத் வீட்டில் கொழுக்கட்டை தருவார்கள். உனக்குப் பூரணம் வைத்தது பிடிக்கும்.

ஜானகிராமன்


யானாம்,
2 செப்டம்பர் 2025

பிருந்தா அப்பாவுக்கு,

பொய் சொல்கிறேனா?

சதுர்த்தி அன்றைக்கும் ஏறினேன். தலைக்குக் குளித்து ஈரத்துணி சுற்றிக்கொண்டு மிதித்தேன். நீங்கள் என் வலது பக்கம், பிறையோடு. எனக்குக் கண் கெட்டுவிட்டதா, இல்லை உங்களுக்கு மனசு கெட்டுவிட்டதா? பக்கத்தில் இருப்பவளைப் பார்த்துக்கொண்டே நீ இல்லை என்று ஒரு மனிதர் எழுதினால் அதை நான் என்னவென்று எடுத்துக்கொள்வது? எனக்குத் தலையைச் சுற்றுகிறது. ஆபீஸில் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நானும் போனை எடுத்தேன். பேசினால் கத்துவேன். கத்தினால் விஷயம் கேஸ்கெட்டில் போய் நிற்கும். அதனால் ஒரே ஒரு வழி வைக்கிறேன், தெளிவாகப் படியுங்கள்.

பதினைந்தாம் தேதி, திங்கட்கிழமை. இந்தக் கடிதம் அதற்குள் உங்கள் கைக்கு வந்துவிடும். காலை வழக்கம்போல் ஏறுகிறேன். பாலத்தின் உச்சியில் நிற்பேன். நீங்களும் அங்கே நில்லுங்கள். ஒன்றும் சொல்ல வேண்டாம், கையசைக்க வேண்டாம், பூ வேண்டாம். நின்றால் போதும். நீங்கள் நின்றால் நான் புதுச்சேரிக்கு வருகிறேன் என்று அன்றே எழுதிக் கொடுக்கிறேன். நிற்காமல் போனால் இங்கேயே இருந்துகொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிடுவேன். பிறகு யாரும் யாரையும் உன் விருப்பமா என் விருப்பமா என்று கேட்க வேண்டியதில்லை.

முப்பது வருஷத்தில் நான் உங்களிடம் கேட்டது அதிகமில்லை. ஒரு இடத்தில் நில்லுங்கள் என்கிறேன்.

கலைவாணி


யானாம்,
15 செப்டம்பர் 2025

பிருந்தா அப்பாவுக்கு,

போய்விட்டீர்கள்.

நான் உச்சியில் காலை ஊன்றிக்கொண்டு நின்றேன். நீங்கள் பின்னாலிருந்து வேகமாக வந்தீர்கள். நிற்கத்தான் வருகிறீர்கள் என்று வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், அதையும் எழுதிவிடுகிறேன், என் அசட்டுத்தனம் உங்களுக்குத் தெரியட்டும். என்னைத் தாண்டிப் போனீர்கள். இறங்கியதும் மிதிப்பதை நிறுத்தினீர்கள். தலை குனிந்தபடி கொஞ்ச தூரம் உருட்டிக்கொண்டு போய், மறுபடி மிதிக்க ஆரம்பித்தீர்கள். திரும்பவில்லை.

பத்து மணிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஓய்வு பெறும் வரைக்கும் யானாம்.

சைக்கிளில் புடவை காயப் போட்டிருக்கிறேன். அதற்கு நன்றாக உதவுகிறது.

கலைவாணி


லாஸ்பேட்டை,
15 செப்டம்பர் 2025

கலைவாணிக்கு,

நின்றேன்.

ஐந்து மணிக்கே ஏறிவிட்டேன், நீ முன்னால் வந்துவிட்டால் என்ன செய்வது என்று. பாலத்தின் உச்சிக்குப் போய் நிறுத்தினேன். பயிற்சி தடைப்பட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு பெண் குரல் சொன்னது. தொடரவும் என்றது. தொடரவில்லை. வேர்வை காய்ந்து குளிர ஆரம்பித்தது. வெளியே வெளிச்சம் வந்துவிட்டது. கோபிநாத் மோட்டார் போடச் சொல்லி வந்தவர், "என்ன சார், வண்டி நின்னுபோச்சா, தள்ளி விடட்டுமா?" என்று கேலி செய்தார். அவரிடம் என்ன சொல்வது? மனைவிக்காக நிற்கிறேன் என்றேன். டிவியைப் பார்த்தார், காலி ரோட்டைப் பார்த்தார், மாடிக்குப் போய்விட்டார்.

நீ வரவில்லை. நில் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்தாய். நான் உன்னை அப்படிப்பட்டவள் என்று நினைக்கவில்லை, இப்போதும் நினைக்க முடியவில்லை, அதுதான் எனக்குக் குழப்பமாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஜானகிராமன்


லாஸ்பேட்டை,
23 செப்டம்பர் 2025

வாணி,

உன் பதினைந்தாம் தேதிக் கடிதம் நேற்று வந்தது. என்னுடையது இந்நேரம் உனக்கு வந்திருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கிறவர்கள் நம் இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள்.

நேற்று உன் கடிதத்தைக் கோபத்தோடுதான் பிரித்தேன். "இறங்கியதும் மிதிப்பதை நிறுத்தினீர்கள், தலை குனிந்தபடி உருட்டிக்கொண்டு போனீர்கள்" என்ற இடத்தில் கண் நின்றுவிட்டது. அப்படி நான் உருட்டியது ஒரே ஒரு நாள். ஆகஸ்ட் இரண்டாம் தேதி, நீ முதல் கடிதம் எழுதினாயே, அன்று காலை. அன்றைக்கு நான் உருட்டியது பதினைந்தாம் தேதி உன் கண்ணில் எப்படிப் பட்டது?

பிருந்தாவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தலைக்கு மேல பிறை இருந்துதாமா? அம்மா பிறைன்னா எழுதியிருக்காங்க?" என்றாள். ஆமாம் என்றேன். முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஆப்பில் நம்மை ஜோடி என்று சேர்த்து வைத்திருக்கிறாள். ஜோடியில் ஒருவர் வராவிட்டால் மற்றவர் தனியாக ஓட்ட வேண்டாம் என்று, வராதவர் கடைசியாக ஓட்டியதை எடுத்து அது பக்கத்தில் ஓட்டிக் காட்டுமாம். அதற்கு நிழல் என்று பெயர். நிழல் என்பதற்கு அடையாளம்தான் அந்தப் பிறை. பரிசு இல்லை. க்சாவியே விளையாட்டு எல்லாவற்றையும் நிறுத்தியபோது நான் அந்தத் தீவிலிருந்தே வெளியே போய்விட்டேன். அதே ரோடு, அதே பாலம், ஆனால் எனக்கென்று தனியாக ஒன்று. அதில் நீ தெரிய மாட்டாய். உன்னுடையதில் நான் இல்லாத இடத்தில் என் நிழலை ஓட்டிவிட்டது. நீயும் தினம் வந்தாய். நானும் தினம் வந்தேன். திங்கட்கிழமை நாம் இரண்டு பேரும் ஒரே பாலத்தில் ஒரே நேரத்தில் நின்றோம், வாணி.

யாரைத் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. விளையாட்டு உன்னிடம் பொய் சொன்னது. பயிற்சி என்னிடம் உண்மையை மறைத்தது. என் கட்சி எது என்று இப்போது யாராவது கேட்டால் பதில் இல்லை. க்சாவியேவிடம் சொன்னேன். பாவம், தலையில் கைவைத்துக்கொண்டு, "மொந்தியே, கடவுளே, நான் நல்லதுன்னு நினைச்சிதானே செஞ்சேன்" என்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்றைக்கு நான் உனக்கு விட்டுக்கொடுக்கவில்லை. ஒய்யாரமும் இல்லை. நீ கிரீடத்தோடு முன்னால் போய்க்கொண்டிருந்தாய், நான் உன்னோடு சேர்ந்து வரப் பார்த்தேன். பாலம் ஏறும்போது நெஞ்சு படபடத்தது. இறங்கியதும் மிதிப்பதை நிறுத்திவிட்டு நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்தேன். அது கரையும் வரை உருட்டினேன். பிறகு சரியாகிவிட்டது. மறுநாள் க்சாவியே விளையாட்டை நிறுத்தட்டுமா என்றபோது அதனால்தான் உடனே சரி என்றேன். உன்னிடம் சொன்னால் அன்று ராத்திரியே பஸ் ஏறுவாய் என்று சொல்லவில்லை. டாக்டரிடம் காட்டினேன், பயமில்லை, மெதுவாக ஓட்டுங்கள் என்றார்.

உன் விருப்பம் என்று எழுதியதும் அப்படித்தான். வா என்று எழுதினால் நீ அந்த நாற்காலியை விட்டுவிட்டு எனக்குக் கஞ்சி வைக்க வந்துவிடுவாய். வராதே என்று எழுத எனக்கு மனசில்லை. இந்த வீட்டில் உன் சத்தம் இல்லாமல் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இதைப் போனில் சொல்லியிருக்க மாட்டேன்.

நீ எழுதிக் கொடுத்தது கொடுத்ததுதான், மாற்ற வேண்டாம். பிருந்தா ஒன்று கேட்டாள். "ஏம்பா, நீங்கதான் ரிடையர் ஆயிட்டீங்களே, நீங்க அங்க போனா என்ன?" இந்த ஒரு வருஷத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. உனக்கும் தோன்றவில்லையா, இல்லை தோன்றியும் கேட்கவில்லையா?

நான் யானாமுக்கு வரட்டுமா? நீ சொன்னால்தான் வருவேன்.

விளையாட்டையெல்லாம் திரும்பப் போட்டுவிட்டேன். காலையில் பாலத்தில் நிற்கிறேன். நீ எப்போது வந்தாலும் சரி.

உன்,
ஜானகிராமன்


யானாம்,
2 அக்டோபர் 2025, விஜயதசமி

பிருந்தா அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்று முன்தினம் வந்தது. படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சத்யவதி எட்டிப் பார்த்தாள், மறுபடி தட்டோடு வந்தாள்.

தினமும் பார்த்தேனே. நீங்கள் மாத்திரை வைத்துக்கொண்டதைத் தினமும் காலையில் பார்த்தேன், தினமும் பார்த்துத் திட்டினேன். பக்கத்தில் போய் என்ன என்று கேட்கத் தோன்றவில்லை, ஒய்யாரம் என்று பெயர் வைத்தேன். உங்கள் மேல் கோபம், என் மேல் கோபம், அந்த ஆப்பைச் செய்தவன் மேல் கோபம். எல்லாம் ஒன்றாகக் கிடக்கிறது, பிரிக்க முடியவில்லை.

ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிகிறது, அதைச் சொன்னால் நீங்கள் வருத்தப்படக் கூடாது. ஒன்றரை மாதம் ஒரு நிழல் என் பக்கத்தில் ஓட்டியது. பேசவில்லை, திரும்பவில்லை, கையசைக்கவில்லை, அதே நேரத்துக்கு வந்தது, அதே இடத்தில் அதே வேலையைச் செய்தது, முன்னால் போய்விட்டது. எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. நீங்கள்தான் என்று நினைத்தேன். முப்பது வருஷம் சேர்ந்து இருந்தும் உங்களுக்கும் உங்கள் நிழலுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இதில் யார் மேல் தப்பு என்று எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

நேற்று ஆயுத பூஜைக்குப் புடவையை எடுத்துவிட்டு சைக்கிளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழமும் வைத்தேன். நகராத வண்டிக்கு எதற்கு என்று வைத்த பிறகுதான் உறைத்தது. சத்யவதி விழுந்து விழுந்து சிரித்தாள். பழம் நசுங்காமல் அப்படியே இருக்கிறது.

இன்று காலை ஏறினேன். பாலத்தில் நின்றுகொண்டிருந்தீர்கள். கிளிப்பச்சைச் சட்டை. உங்களிடம் ஏது அவ்வளவு நாணயம்? தலைக்கு மேலே பார்த்தேன், ஒன்றுமில்லை. நான் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்று தெரியவில்லை, கால் பாட்டுக்கு மிதித்துக்கொண்டு போய்விட்டது. கொஞ்சம் அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தேன். பின்னால் வந்துகொண்டிருந்தீர்கள். மெதுவாக, டாக்டர் சொன்ன வேகத்தில். நானும் மிதிப்பதைக் குறைத்தேன். கிரீடம் யாரோ ஒரு பிரேசில்காரனுக்குப் போனது.

வரட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முப்பது வருஷத்தில் நீங்கள் என்னை இப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவை. பதிலுக்குத்தான் மூன்று தாள் கிழித்தாயிற்று. வாங்க என்று எழுதக் கை வரவில்லை. இங்கே ஒரே அறை, ஒரே ஜன்னல், நீங்கள் முன்னால் நடக்கவும் இடமில்லை, நான் கோபித்துக்கொண்டு போய் உட்காரவும் இடமில்லை. முதல் வாரமே சண்டை வரும். வராதீங்க என்று எழுதவும் கை வரவில்லை.

அந்தக் கேஸ்கெட், ஐந்து லிட்டர் குக்கருடையது, இங்கே எந்தக் கடையிலும் அளவு சேரவில்லை. காந்தி வீதிக் கடையில் பழைய கேஸ்கெட்டைக் காட்டினால் எடுத்துக் கொடுப்பார்கள். பழையது அங்கே நம் சமையலறை ஆணியில் தொங்குகிறது. வரும்போது மறக்காமல் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

கலைவாணி